வாளையாருக்கு இந்தப்புறம் ஒன்று, அந்தப்புறம் ஒன்று: வங்கி எம்.டி. நாற்காலியின் கணக்கு

2020 செப்டம்பர் கடைசி வாரம். 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை, கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குதாரர்கள் எம்.டி. (நிர்வாக இயக்குநர்) உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். ஐந்து நாள் கழித்து, 30ஆம் தேதி புதன்கிழமை, திருச்சூரின் தனலட்சுமி வங்கியிலும் அதே கதை. எம்.டி.யாக வந்து ஏழெட்டு மாதமே ஆகியிருந்த சுனில் குர்பக்ஸானிக்கு எதிராக 90.49 சதவீத ஓட்டு விழுந்தது.

பாலக்காட்டு எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இரண்டு வங்கிகளுமே எட்டாத தூரத்து வங்கிகள் இல்லை. பொள்ளாச்சிச் சந்தையில் தேங்காய் விற்ற காசு கோவை வங்கியில் கிடக்கும். மகள் கல்யாணத்துக்கென்று போட்ட எஃப்.டி. பாலக்காட்டுக் கிளையில் இருக்கும். ஆகவே அந்த வாரம் இங்கே எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, எம்.டி.யையே எறக்கிட்டாங்களாமா, எஃப்.டி.யை ஒடைச்சரலாங்களா?”

அடுத்த இரண்டு மாதத்தில் கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி என்ற பெயரே இல்லாமல் போனது. திருச்சூர் வங்கி இன்றும் நடக்கிறது. ஒரே வாரம், ஒரே மாதிரி ஓட்டு, ஆனால் முடிவு நேர் எதிர். எம்.டி. மாற்றம் என்ற செய்தி வரும்போதெல்லாம் மக்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். அந்த நாற்காலியில் ஒருவரை யார் உட்கார வைக்கிறார்கள், யார் எழுப்புகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் நாலு பேர் யார் என்று பார்ப்போம்

ஒரு தனியார் வங்கியில் நான்கு தரப்பு உண்டு.

1. பங்குதாரர்: முதல் போட்டவர். வங்கி ஜெயித்தால் லாபப் பங்கு, தோற்றால் முதலில் காலியாவது இவர் பணம். ஓட்டுரிமை இவருக்குத்தான்.

2. இயக்குநர் குழு: ‘போர்டு’ என்று சொல்கிறோமே, அது. பங்குதாரர் சார்பில் மேற்பார்வை பார்க்கிற குழு. இதன் தலைவர் சேர்மன். அவர் தினசரி நிர்வாகத்தில் தலையிட மாட்டார், தலையிடவும் கூடாது.

3. எம்.டி. மற்றும் சி.இ.ஓ.: சம்பளத்துக்கு வங்கியை நடத்துபவர். போர்டிலும் ஓர் இடம் உண்டு. செய்தியில் ‘வங்கித் தலைவர்’ என்று எழுதுவார்கள். வாசிப்பவர் அவரை முதலாளி என்று நினைத்துக்கொள்வார். பெரும்பாலும் அவர் முதலாளி இல்லை. நம் ஊர் மேனேஜரைப் போல அவரும் மாற்றலாகிப் போகக்கூடிய ஊழியர், நாற்காலிதான் பெரியது.

4. டெபாசிட்தாரர்: வங்கியில் புரளும் பணத்தில் பெரும்பகுதி இவருடையது. ஆனால் ஓட்டு கிடையாது.

இந்த நாலாவது ஆளுக்கு ஓட்டு இல்லை என்பதால்தான் ஐந்தாவதாக ரிசர்வ் வங்கி உள்ளே வருகிறது. மளிகைக் கடைக்கு மேனேஜர் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வங்கிக்கு எம்.டி. வைக்க வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் முன் ஒப்புதல் வேண்டும். காரணம், அங்கே புழங்குவது அடுத்தவர் பணம்.

நாற்காலி வரைக்கும் வரும் வழி

அந்தக் காலத்தில் வங்கியை நடத்தியவர் அதைக் கட்டியவராகவே இருந்தார். கேரளத்தில் இதற்குத் தெளிவான உதாரணம் கே.பி. ஹோர்மிஸ். 1917இல் அங்கமாலி அருகே மூக்கன்னூரில் பிறந்தவர். பெரும்பாவூரில் வக்கீல் தொழில். திருவல்லா பக்கம் நெடும்புறத்தில் 1931இல் பதிவான திருவாங்கூர் ஃபெடரல் வங்கி அப்போது கிட்டத்தட்ட மூச்சை நிறுத்தியிருந்தது. அதன் பங்குகளை வாங்கிக்கொண்டு, 1945இல் தலைமையகத்தை ஆலுவாவுக்கு மாற்றித் தானே எம்.டி. ஆனார். பிற்பாடு ‘திருவாங்கூர்’ உதிர்ந்து ஃபெடரல் வங்கி ஆனது. 1979 வரை அவர்தான். முப்பத்து நாலு வருஷம்!

அந்தக் காலத்தில் அவர் சின்னச் சின்ன வங்கிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். 1964இல் சாலக்குடி பப்ளிக் வங்கி, கொச்சின் யூனியன் வங்கி, ஆலப்புழை வங்கி. 1968இல் மார்த்தாண்டம் கமர்ஷியல் வங்கி. கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டு எல்லைக்குள், குமரி மாவட்டத்தில் இருந்தது. மலையாளத்தில் தொடங்கிய வங்கி தமிழில் பாஸ்புக் எழுத ஆரம்பித்தது இப்படித்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய விதிப்படி ஹோர்மிஸ் மாதிரி ஒருவர் முப்பத்து நாலு ஆண்டு உட்கார முடியாது. அந்த விதிக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போதைய எம்.டி.க்கள் வேறு இரண்டு பாதைகளில் வருகிறார்கள். ஒன்று நீண்ட பாதை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் புரொபேஷனரி ஆஃபீசராகச் சேர்வார்கள். முதல் வேலை பெரும்பாலும் ஏதாவது ஒரு சிறு கிளையில். காலையில் பெட்டக அறையை இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க முடியும்; ஒரு சாவி கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். நகைக்கடனுக்கு வந்த தாலிக்கொடியை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதை அருகில் நின்று பார்த்து, பையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். மாலையில் ரொக்கம் பத்து ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்று இரண்டு தேர்வு எழுதினால் பதவி உயர்வுக்குக் கை கொடுக்கும். அப்புறம் மேனேஜர், சீஃப் மேனேஜர், ஏ.ஜி.எம்., டி.ஜி.எம்., ஜெனரல் மேனேஜர் என்று படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு மாற்றல். பிள்ளைகள் மூன்று மாநிலப் பாடத்திட்டம் படித்திருப்பார்கள்.

இந்தத் தொழிலில் நேர்மைக்கு வைத்திருக்கும் ஒரு வினோதமான பரிசோதனை லீவு. முக்கியப் பொறுப்பில் இருப்பவரை, முன்கூட்டிச் சொல்லாமல், வருஷத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலைநாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த நாட்களில் அவருடைய மேசையை வேறொருவர் பார்ப்பார். மறைத்து வைத்தது ஏதாவது இருந்தால் வெளியே வந்துவிடும். ‘நான் லீவே போட்டதில்லை’ என்று பெருமை பேசும் அதிகாரியை ஆடிட்டர்கள் சந்தேகமாகப் பார்ப்பது இதனால்தான்.

மற்றது குறுக்குப் பாதை: பொறியியல், மேலாண்மைப் படிப்பு, வெளிநாட்டு வங்கி அல்லது புதுத் தலைமுறைத் தனியார் வங்கி, அங்கிருந்து நேராகப் பழைய வங்கியின் உச்சி. ஃபெடரல் வங்கியை 2010 செப்டம்பர் முதல் 2024 செப்டம்பர் வரை நடத்திய ஷியாம் சீனிவாசன் திருச்சி ஆர்.இ.சி.யில் படித்தவர் (இப்போது என்.ஐ.டி.), பிறகு கொல்கத்தா ஐ.ஐ.எம்.; ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியிலிருந்து ஆலுவாவுக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த கே.வி.எஸ். மணியன் கோட்டக் வங்கியில் பல ஆண்டு இருந்தவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருச்சூரில் தலைமையகம் வைத்த மூன்று வங்கிகளுக்கும் அண்மைக் காலத்தில் எம்.டி.யாக வந்தவர்கள் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். சவுத் இந்தியன் வங்கிக்கு 2023இல் வந்த பி.ஆர். சேஷாத்ரி அதற்கு முன் கரூர் வைஸ்யா வங்கியின் எம்.டி. கத்தோலிக் சிரியன் வங்கிக்கு 2016இல் வந்த சி.வி.ஆர். ராஜேந்திரன் ஆந்திரா வங்கியின் தலைவராக இருந்தவர். தனலட்சுமிக்கு 2021இல் வந்த ஜே.கே. சிவன் ஸ்டேட் வங்கி அதிகாரி. 2024இல் வந்த கே.கே. அஜித்குமார் ஃபெடரல் வங்கிக்காரர். ஆலுவா, கரூர், ஐதராபாத், மும்பை என்று எங்கிருந்தோ ஒருவர் வந்து திருச்சூர் நாற்காலியில் உட்கார்கிறார். உள்ளே முப்பது வருஷம் உழைத்த ஜெனரல் மேனேஜர்களுக்கு வருத்தம் இருக்கும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் சரிந்துகொண்டிருக்கும் வங்கியில் பழைய கடன்களைப் பார்த்து ‘இது வராது’ என்று சொல்வது, அந்தக் கடனைக் கொடுத்த கூட்டத்தில் இல்லாதவருக்குத்தான் சுலபம்.

உட்கார வைக்கும் முறை

தனியார் வங்கியில் நடப்பது இதுதான்:

1. போர்டின் நியமனக் குழு ஆள் தேடும். வழக்கமாக ஒரு வேலைவாய்ப்பு ஆலோசனை நிறுவனத்தை வைத்துத் தேடுவார்கள்.

2. ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை விருப்ப வரிசையில் ரிசர்வ் வங்கிக்கு அனுப்புவார்கள்.

3. ரிசர்வ் வங்கி ‘தகுதியும் பொருத்தமும்’ பார்க்கும். படிப்பு, அனுபவம், பழைய வழக்குகள், கடன் பாக்கி, சொந்தத் தொழில் தொடர்பு எல்லாம் அலசப்படும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35பி பிரிவு இந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. நியமனம், மறுநியமனம், பதவி நீக்கம், சம்பளம் நாலுக்கும் ஒப்புதல் வேண்டும்.

4. ஒப்புதல் வந்ததும் போர்டு நியமிக்கும். பெரும்பாலும் மூன்று ஆண்டு.

5. அடுத்த பொதுக்கூட்டத்தில் பங்குதாரர் ஓட்டு.

இந்த ஐந்தாவது படியைத்தான் எல்லோரும் சடங்கு என்று நினைத்திருந்தார்கள். கம்பெனிச் சட்டப்படி போர்டு நியமித்த இயக்குநர் அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும்தான் இருக்க முடியும். அங்கே பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் தொடர்வார். 2020 செப்டம்பரில் சடங்கு திடீரென்று தேர்தல் ஆனது.

2021 ஏப்ரல் 26இல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை இன்னும் சில எல்லைக்கோடுகளைப் போட்டது. ஒரே ஆள் 15 ஆண்டுக்கு மேல் எம்.டி.யாக இருக்க முடியாது. நிறுவனரோ பெரும் பங்குதாரரோ எம்.டி.யாக இருந்தால் 12 ஆண்டு. ரிசர்வ் வங்கி மனம் வைத்தால் 15. வயது 70ஐத் தாண்டக் கூடாது. 15 ஆண்டு முடித்தவர் மூன்று ஆண்டு அந்த வங்கிப் பக்கமே தலைவைக்கக் கூடாது. பிறகுதான் திரும்ப நியமிக்கப்படலாம்.

சம்பளத்திலும் ஒரு கயிறு உண்டு. 2019 நவம்பரில் வந்த விதிப்படி எம்.டி.யின் மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதி, செயல்பாட்டைப் பொறுத்து மாறுகிற ஊதியமாக இருக்க வேண்டும். அந்த மாறும் பகுதியில் 60 சதவீதத்தையாவது உடனே கொடுக்காமல் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் தள்ளிக் கொடுக்க வேண்டும். இடையில் அவர் கொடுத்த கடன்கள் கெட்டுப்போனது தெரிந்தால் நிறுத்தி வைக்கலாம், கொடுத்ததைத் திரும்பவும் வாங்கலாம். கடன் கொடுத்த வருஷமே லாபம் காட்டிப் போனஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டால், அந்தக் கடன் கெடும்போது நாற்காலியில் வேறு ஆள் இருப்பார். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

அரசு வங்கிகளில் பாதை வேறு. அங்கே எம்.டி.யை நியமிப்பது மத்திய அரசு. 2022 ஜூலை முதல் ஒரு தனி அமைப்பு பெயரைப் பரிந்துரைக்கிறது. பங்குதாரர் ஓட்டுப் போட்டு இறக்கும் கதை அங்கே நடக்காது.

எழுப்பும் முறை: செய்தியை எப்படி வாசிப்பது

‘எம்.டி. விலகினார்’ என்ற ஒரே தலைப்புக்குக் கீழே நாலு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கலாம். ஆபத்து குறைவானதிலிருந்து வரிசையாக வைக்கிறேன். இது என் வரிசை.

1. காலம் முடிந்து போவது. ஷியாம் சீனிவாசன் போனது இப்படி. இதில் வாசிக்க ஒன்றுமில்லை.

2. பாதியில் ‘சொந்தக் காரணத்துக்காக’ ராஜினாமா. இந்த மூன்று வார்த்தைக்குள் உண்மையான உடல்நலக் குறைவும் இருக்கலாம், போர்டோடு சண்டையும் இருக்கலாம். அதே மாதத்தில் ஆடிட்டரோ தலைமை நிதி அதிகாரியோ சேர்ந்து விலகியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒருவர் போனால் சொந்தக் காரணம். மூன்று பேர் போனால் அது வங்கியின் காரணம்.

3. போர்டு மூன்று ஆண்டு கேட்க, ரிசர்வ் வங்கி குறைத்துக் கொடுப்பது. இது மௌனமாக வரும், ஆனால் கனமான செய்தி. யெஸ் வங்கியின் எம்.டி. ராணா கபூருக்கு 2018 செப்டம்பரில், 2019 ஜனவரி 31 வரைதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வங்கி 2020 மார்ச்சில் முடக்கப்பட்டது. இண்டஸ்இண்ட் வங்கியின் எம்.டி.க்கு 2025 மார்ச்சில் மூன்று ஆண்டுக்குப் பதில் ஓராண்டு கொடுத்தார்கள். சில நாளிலேயே கணக்கு வைப்பில் குளறுபடி என்று வங்கியே அறிவித்தது. ஏப்ரல் இறுதியில் அவர் விலகினார். ரிசர்வ் வங்கி ஏன் என்று சொல்வதில்லை. குறைத்துக் கொடுத்த காலம்தான் அதன் பேச்சு.

4. ரிசர்வ் வங்கியே நேரடியாக நீக்குவது, போர்டையே கலைப்பது. சட்டத்தில் அதற்கு இடமுண்டு. இங்கே வந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது.

பங்குதாரர் ஓட்டு போட்டு இறக்குவதை இந்த வரிசையில் எங்கே வைப்பது? அது வரிசையிலேயே நிற்காது. கரூரையும் திருச்சூரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

கரூரும் திருச்சூரும்

லட்சுமி விலாஸ் வங்கி 1926இல் கரூரில் ஜவுளி, விவசாயம், சிறு வியாபாரம் பார்த்த வணிகர்கள் தொடங்கியது. பிற்காலத்தில் பெருநிறுவனக் கடன் பக்கம் போய்க் கையைச் சுட்டுக்கொண்டது. கொடுத்த கடனில் நான்கில் ஒரு பங்கு வாராக்கடன் ஆனது. 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அதை ‘உடனடித் திருத்த நடவடிக்கை’யின் கீழ் கொண்டுவந்துவிட்டது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து பி.சி.ஏ. என்பார்கள், புதுக் கடன், கிளை திறப்பு, லாபப் பங்கு எல்லாவற்றுக்கும் கடிவாளம்.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும்: மூலதன விகிதம். வங்கி கொடுத்திருக்கும் கடன்களின் அபாயத்துக்கு எதிராக அதன் சொந்தப் பணம் எவ்வளவு நிற்கிறது என்பதன் அளவு. குறைந்தபட்சம் 9 சதவீதம், அதன் மேல் 2.5 சதவீதம் மெத்தை. கிணற்றுக்கு வைக்கும் கைப்பிடிச் சுவர் மாதிரி. 2020 மார்ச்சில் கரூர் வங்கிக்கு இந்த விகிதம் 1.12 சதவீதம். செப்டம்பருக்குள் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. சுவர் இல்லை, கிணறு மட்டும் இருந்தது. பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டது அந்த விளிம்பில் நின்றுகொண்டு.

நவம்பர் 17 மாலை அரசு தடை விதித்தது. ஒரு கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. நவம்பர் 27 அன்று 563 கிளைகளோடும் வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. தடை நீங்கியது. டெபாசிட்காரருக்கு ஒரு ரூபாய் குறையவில்லை. பங்குதாரர் பங்கு முழுக்க அழிக்கப்பட்டது. கூடுதல் வட்டிக்கு வங்கி விற்ற பத்திரங்களில் சுமார் 318 கோடி ரூபாயும் எழுதித் தள்ளப்பட்டது. அந்தப் பத்திரங்கள் டெபாசிட் இல்லை. 

தனலட்சுமியின் நோய் பழையது, ஆனால் அந்த நேரத்தில் முற்றியிருக்கவில்லை. 1927இல் 11,000 ரூபாய் மூலதனத்திலும் ஏழு ஊழியர்களோடும் திருச்சூரில் தொடங்கிய வங்கி. 2008க்குப் பிறகு வந்த நிர்வாகம் மும்பை பாணியில் கிளை, ஆள், விளம்பரம் என்று வேகமாக விரித்தது. வங்கியின் பெயர் எழுத்துக்கூடச் சற்று மாறியது. ஊழியர் சங்கங்கள் கூச்சல் போட்டன, எம்.டி. 2012 தொடக்கத்தில் விலகினார்; நஷ்டம் பின்னாலேயே வந்தது. 2015 நவம்பரில் பி.சி.ஏ. கடிவாளம். மூன்று ஆண்டுக்கு மேல் சிரமப்பட்டு 2019 பிப்ரவரியில் அதிலிருந்து வெளியே வந்தது.

ஆக 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் எம்.டி.யை இறக்கியபோது, மூலதனம் குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருந்தது. பணம் தீர்ந்துபோய் வந்த சண்டை இல்லை அது, அதிகாரச் சண்டை. வங்கியை நடத்த இயக்குநர்களில் சிலரைக் கொண்ட ஒரு தற்காலிகக் குழு வந்தது. 2021 ஜனவரியில் புது எம்.டி. வந்தார். அன்றைக்குப் பதறி எஃப்.டி.யை உடைத்தவர்களுக்கு முன்முறிப்பு அபராதத்தில் கொஞ்சம் வட்டி போனதுதான் கண்ட பலன்.

ஒரே மாதிரி ஓட்டு இரு வேறு முடிவுக்குப் போனது இதனால்தான். ஓட்டின் சதவீதத்தைப் பார்ப்பதைவிட, ஓட்டு நடந்த அன்று மூலதன விகிதம் எவ்வளவு இருந்தது என்று பார்ப்பது மேல். அந்த எண்ணை ஒவ்வொரு வங்கியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டே ஆக வேண்டும். காலாண்டு முடிவு என்ற இரண்டு பக்கத் தாளில், லாபம் நஷ்டம் எல்லாம் தாண்டிக் கீழே இருக்கும். பக்கத்திலேயே நிகர வாராக்கடன் விகிதமும் இருக்கும். அது 6 சதவீதத்தை எட்டினால் ரிசர்வ் வங்கியின் கடிவாளம் எட்டிப் பார்க்கும்.

கரூரைக் காப்பாற்றிய பாலா

கரூர் வங்கியை முடக்கி இணைத்தது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ். அந்தப் பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்த கதை கேரளத்தில் நடந்தது.

கேரளத்தில் வங்கி தொடங்குவது ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் தொடங்குவது போல. கோழிக்கோட்டில் 1899இலேயே நெடுங்காடி வங்கி. திருச்சூர்ப் பக்கம் ‘குறி’ என்று சொல்கிற சீட்டு நடத்தியவர்கள், கோயில் சார்ந்த வணிகர்கள், சர்ச் சார்ந்த வணிகர்கள் என்று ஆளுக்கொரு வங்கி. விழுந்ததும் அதே வேகம். 1937இல் இரண்டு வங்கிகள் சேர்ந்து உருவான திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி, அடுத்த ஆண்டே, 1938 ஜூனில், பணம் கொடுப்பதை நிறுத்தியது. திவான் சி.பி. ராமசாமி ஐயரோடு அதன் தலைவர்களுக்கு இருந்த பகை ஊரறிந்தது. அவர்கள் சிறைக்கும் போனார்கள். அதில் ஒருவரான சி.பி. மாத்தன் பின்னாளில் மக்களவை உறுப்பினரானார். ஒரு வங்கி நிர்வாகியின் வாழ்க்கையில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இன்றைக்கு யாருக்கும் வாய்க்காது, வாய்க்கவும் வேண்டாம்.

அடுத்த அடி 1960 ஆகஸ்ட் 8. கோட்டயம் பக்கத்து பாலாவில் 1927இல் தொடங்கிய பாலாய் சென்ட்ரல் வங்கியை, ரிசர்வ் வங்கியின் மனுவின் பேரில், கேரள உயர் நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. அப்போது கேரளத்தின் பெரிய வங்கி அது. ரப்பர்த் தோட்டக்காரர் முதல் கன்னியாஸ்திரீ மடம் வரை பணம் மாட்டிக்கொண்டது. கலைப்பதைத் தவிர ரிசர்வ் வங்கி கையில் நல்ல ஆயுதம் இல்லை என்பது அன்றைக்கு நாடு முழுக்கத் தெரிந்தது. அடுத்த மாதமே சட்டம் திருத்தப்பட்டது: நோயுற்ற வங்கியைத் தற்காலிகமாக முடக்கி, நல்ல வங்கியோடு கட்டாயமாகச் சேர்க்கலாம். 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் காப்பீடு வந்தது. ஆளுக்கு 1,500 ரூபாய்.

அறுபது ஆண்டு கழித்து, கரூர்க்காரரின் எஃப்.டி.யைப் பத்து நாளில் மீட்டுக் கொடுத்தது பாலாக்காரர் இழந்ததால் எழுதப்பட்ட அந்தச் சட்டம்.

நம் எஃப்.டி.க்கு இதில் என்ன

காப்பீட்டு வரம்பு 1993இல் 1 லட்சம், 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். அதன் கணக்கில் பலர் தவறுகிறார்கள். ஓர் உதாரணம்: முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் ஒரு வங்கியின் கொழிஞ்சாம்பாறைக் கிளையில் 4 லட்சமும், அதே வங்கியின் பொள்ளாச்சிக் கிளையில் 3 லட்சமும் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாநிலம் வேறு, கிளை வேறு. இருந்தாலும் ஆள் ஒன்று, வங்கி ஒன்று. மொத்தம் 7 லட்சம், காப்பீடு 5 லட்சத்துக்குத்தான். வட்டியும் அந்த 5 லட்சத்துக்குள் அடக்கம். அதே பணத்தை இரண்டு வங்கியில் பிரித்துப் போட்டிருந்தால் முழுக்கக் காப்பீடு. மனைவி பெயரில் தனியாகப் போட்டாலும் அவருக்கு என்று தனி 5 லட்சம். வங்கி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் இந்தத் தொகை கைக்கு வர வேண்டும் என்பது 2021 திருத்தம்.

இந்தக் காப்பீட்டுக்கு நாம் எதுவும் கட்டுவதில்லை. பிரீமியம் வங்கியே கட்டுகிறது. வங்கியின் பங்கை வாங்கியவருக்கும், மேலே சொன்ன கூடுதல் வட்டிப் பத்திரம் வாங்கியவருக்கும் இது கிடையாது. மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிற அதிகாரி ‘எஃப்.டி. மாதிரிதான் சார்’ என்று சொன்னால், ‘மாதிரி’யா, எஃப்.டி.யேதானா என்று கேட்டு, ரசீதில் உள்ள பெயரைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, இந்த எல்லைப் பகுதிக்கு என்றே ஒரு விஷயம். இங்குள்ள பல வீடுகளில் இரண்டு பாஸ்புக் இருக்கும். ஒன்று திருச்சூர் வங்கியோ ஸ்டேட் வங்கியோ கொடுத்தது. இன்னொன்று ஊர் ‘சர்வீஸ் சகாகரண பாங்க்’ கொடுத்தது. அரை சதவீதம், ஒரு சதவீதம் வட்டி கூட, செயலாளர் தெரிந்தவர், கவுண்டரில் தமிழிலேயே பேசலாம். ஆனால் பலகையில் ‘பாங்க்’ என்று எழுதியிருந்தாலும், அது ஒரு தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம். வங்கி உரிமம் கிடையாது. இந்தச் சங்கங்கள் ‘வங்கி’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021இல் பொது அறிவிப்பே வெளியிட்டது. அதே ஆண்டில்தான் திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் சங்கத்தில் கடன் மோசடி வெளியே வந்து, டெபாசிட் போட்டவர்கள் வருஷக்கணக்கில் அலைந்தார்கள்.

2019இல் மாவட்டக் கூட்டுறவு வங்கிகளைச் சேர்த்து உருவாக்கிய கேரள வங்கி வேறு. அது ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றது, டெபாசிட் காப்பீடும் உண்டு. ஊர்ச் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. மாநில அரசின் உத்தரவாத நிதித் திட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் மேலே சொன்ன 35பி ஒப்புதல், 15 ஆண்டு வரம்பு, தள்ளிக் கொடுக்கும் சம்பளம் எதுவும் அந்தச் சங்கத்துச் செயலாளரைத் தொடாது. அவரை மேற்பார்ப்பது கூட்டுறவுத் துறைப் பதிவாளர். அவரை வைப்பதும் எடுப்பதும் அங்கே உறுப்பினர் ஓட்டில் ஜெயித்து வரும் நிர்வாகக் குழு.